விடிய விடிய ஓடும் கணக்கு

தொண்ணூறுகளில் கல்லூரி ஆய்வகத்து 386 கணினியில் நரம்பு வலைக்குப் பாடம் எடுத்தோம். பாடம், 1936இல் ஃபிஷர் வெளியிட்ட 150 ஐரிஸ் பூக்களின் அளவுகள். பரமத்தி வேலூரில் ஒருவரும் கண்ணால் பார்த்திராத பூ. சுற்றிலும் பூவனும் ரஸ்தாளியும் குலை தள்ளி நிற்கும். நாங்கள் கடல் கடந்த பூவுக்கு இதழ் அளந்துகொண்டிருப்போம்.

150 பூவையும் பார்த்து முடித்த பிறகே வலைக்குள் இருக்கும் எண்களான எடைகளைத் துளி திருத்தலாம் என்பது எங்கள் ஆசாரம். மறுபடி முதல் பூவிலிருந்து. ராத்திரி ஓடவிட்டுப் போவோம்; நடுவில் கரண்ட் போகும்; வலை கற்றதும் கூடவே போகும்.

வேலூர் வாழைத்தார் ஏலத்தில் இந்த ஆசாரம் செல்லாது. நாலு தாரைப் பார்த்து வியாபாரி விலை கேட்டுவிடுவார். எல்லாத் தாரையும் தடவிக்கொண்டிருந்தால் சரக்கு அடுத்தவர் வண்டியில் ஏறிவிடும். கணக்கிலும் இது நடக்கும், துல்லியமில்லாத திருத்தமே போதும், திருத்தும் அடியின் அளவைப் போகப்போகக் குறைத்துக்கொண்டால் சரியான இடத்துக்குப் போய்ச் சேரலாம் என்று ராபின்ஸும் மன்றோவும் 1951இலேயே நிறுவிவிட்டார்கள். எங்கள் பாடத்திட்டத்துக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை.

இப்போது தம்பி மகள் வாழை இலைப் படத்தில் நோய் கண்டுபிடிக்க வலை பழக்குகிறாள். இதே வேலைக்கு 2019இல் வந்த துமைனி செயலியில் துறையூர் இமயம் வேளாண் கல்லூரிக்கும் பங்குண்டு. அதைப் பழக்க ஆப்பிரிக்கா, தென்னிந்தியத் தோட்டங்களில் எடுத்த சுமார் 18,000 படங்கள். எங்கள் ஆசாரப்படி அத்தனையும் பார்த்தால் ஒரு திருத்தம். 32 படங்களாகப் பிரித்துப் பார்த்தால் அதே ஒரு சுற்றில் 560க்கு மேல். போதாததற்கு, முந்தைய அடியின் போக்கை விடாமல் இழுத்துப்போகும் உந்தம், 1964இல் போல்யாக் தந்தது. ஒவ்வொரு எடைக்கும் தனித்தனி அடி வைக்கும் ஆடம், 2014இல் வந்தது.

“அப்ப பொழுதோட முடிஞ்சிரும்?”

“விடியறப்ப முடியுங்க பெரியப்பா.”

எங்கள் வலையில் சில டஜன் எடைகள், அவளுடையதில் கோடிக்கணக்கில். மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் அவை தின்றுவிட்டன. போதாக்குறைக்கு, அடியின் அளவு, அதாவது கற்றல் வேகம், எது ஒத்துவரும் என்று தெரியாமல் அதே கணக்கை மாற்றி மாற்றி ஓட்டுகிறாள். கரண்ட் போனால் மட்டும் கவலையில்லை. கணினி எங்கோ வாடகைக்கு ஓடுகிறது, மணிக்கு இவ்வளவு என்று.

2018இல் ரெட்டி, காலே, சஞ்சீவ் குமார் மூவரும் ஆடத்தின் நிறுவலில் ஓட்டை கண்டார்கள். எளிய கணக்கு ஒன்றிலேயே அது சரியான விடைக்குப் போகாமல் நின்றுவிடும் என்று காட்டி, திருத்திய முறையும் கொடுத்து, அந்த ஆண்டு ஒரு மாநாட்டில் சிறந்த கட்டுரை விருதும் வாங்கினார்கள். தம்பி மகள் ஓட்டுவது இன்றைக்கும் ஆடம்தான்.