தாய்ச்சொல்லைத் தட்டாதே

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு டிக்டேஷன் என்றாலே பயம். காதில் விழுவது ஒரே 'ஷன்'. எழுதினால் மட்டும் ஏன் இத்தனை வேஷம்?
(ஒரு தாய், திருச்சி)

பதில்: தப்பான சொல்லைப் பத்துத் தடவை எழுதச் சொல்லாதீர்கள் அம்மா, கைதான் வலிக்கும். அதற்குப் பதில், அந்தச் சொல் பிறந்த வினையைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளையின் ஜாடை தாயிடம் தெரியும்.

தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் டைகரின் டி, டாகின் டி என்று பிரித்துக்கொள்வோம். ஆக்ட் முடிவது டைகரின் டி-யில். அதே டி ஆக்‌ஷனிலும் நிற்கிறது. டிஸ்கஸ் இரட்டை எஸ்ஸில் முடிகிறது, டிஸ்கஷனிலும் இரட்டை எஸ். டிசைட், டிவைட், எக்ஸ்பாண்ட் ஆகியவற்றில் கேட்பது டாகின் டி. அது பெயர்ச்சொல்லில் ஒற்றை எஸ்ஸாக மாறும். பெர்மிட், அட்மிட், சப்மிட் மூன்றும் இரட்டை எஸ்ஸுக்குப் போய்விடும். அட்டெண்ட், இன்டெண்ட் இரண்டும் பிடிவாதக்காரப் பிள்ளைகள்: டாகின் டி-யில் முடிந்தும் டைகரின் டி-யைத்தான் பிடித்துக்கொள்ளும். இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யட்டும்.

இது நமக்குப் புதிதல்ல. ஆடு ஆட்டமாகிறது, ஓடு ஓட்டமாகிறது. உங்கள் மகள் மூன்று வயதிலேயே யாரும் சொல்லித்தராமல் இதைச் செய்தவள்தான்.

இந்த 'ஷன்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முன்பு அதை 'சி-ஒன்' என்று இரண்டு அசையாகவே உச்சரித்தார்கள். காக்ஸ்டன் 1476-ல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரம் கொண்டுவந்த பிறகு எழுத்து மெல்ல ஒரே இடத்தில் நின்றுவிட்டது. நாக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

கேள்வி: எலக்ட்ரீஷியனுக்கு எந்த 'ஷன்'?

பதில்: எலக்ட்ரிக் என்று எழுதிப் பாருங்கள், கடைசியில் சி இருக்கிறது. மியூசிக், மேஜிக் இரண்டிலும் அப்படியே. அந்த சி-யை விடாமல் ஐ-ஏ-என் சேர்த்தால் ஆள் வந்துவிடுவார்.

கேள்வி: 'ஏபிள்', 'ஐபிள்' குழப்பத்துக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. வாலை வெட்டிப் பாருங்கள். மிச்சம் முழுச்சொல்லாக நின்றால் பெரும்பாலும் ஏ: வாஷபிள், ரீடபிள். பாசிபிள், விசிபிள், டெரிபிள் என்று மொட்டையாக நின்றால் ஐ. ஃப்ளெக்சிபிள், சென்சிபிள், ரெஸ்பான்சிபிள் இந்தக் கணக்குக்கு அடங்காதவை. ஆனால் டவுன்லோடபிள் மாதிரி இன்று புதிதாகப் பிறக்கும் சொற்கள் ஏ-யைத்தான் கேட்கின்றன. சந்தேகம் வந்தால் ஏ போடுங்கள்.

கேள்வி: 'சீட்' என்று முடியும் வினைகளுக்கு?

பதில்: எக்சீட், ப்ரொசீட், சக்சீட் மூன்றுக்கு மட்டும் இரட்டை ஈ. கன்சீட், ப்ரிசீட் முதலான மற்றவை சி-ஈ-டி-ஈ. எஸ் வருவது சூப்பர்சீட் ஒன்றில்தான். லத்தீனில் அதற்கு 'மேலே உட்கார்' என்று பொருள். உட்கார்ந்தே இருப்பதைச் சொல்லும் செடென்டரியும் அதே குடும்பம், அங்கேயும் அதே எஸ்.