இசைத்தட்டில் ஒரு மெர்குரி, மேடையில் ஒரு மெர்குரி

கேள்வி: குயீன் ராக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி இசைத்தட்டில் மலையுச்சி வரை ஏறுகிறார். மேடையில் பாதி மலையிலேயே இளைப்பாறுகிறாரே, ஏன்?

பதில்: ரசிகர்களிடையே நெடுங்காலமாக நடக்கும் வழக்கு இது. 1977இல் வந்த 'வீ ஆர் த சாம்பியன்ஸ்' பாட்டின் உச்ச இடங்களை மெர்குரி மேடையில் பெரும்பாலும் கீழே இறக்கியே பாடினார். 'பொஹீமியன் ராப்சடி'யின் முதல் பகுதியில் மேலே போகும் இடத்தையும் மெட்டை மாற்றிக் கடந்தார். காரணம் அவருடைய குரல்வளையில் இருந்தது. குரல்நாண்கள் இரண்டும் ஓயாமல் மோதும் இடத்தில் முடிச்சுகள் விழுந்திருந்தன; மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு விழுவதுபோல. ஆண்குரலுக்கு மேல்பக்கமான 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தைப் பாடும்போது அந்த நாண்கள் நொடிக்கு 440 தடவை மோதுகின்றன. முடிச்சு விழுந்த நாண்கள் முழுதாக மூடாமல் காற்றைக் கசிய விடும். அதில் முதலில் அடிபடுவது மெல்லிய உச்சக்குரல்தான். அடித்தொண்டைக் குரல் கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

1975ஆம் ஆண்டு அமெரிக்கப் பயணத்திலேயே தொண்டைக் கோளாறால் பல கச்சேரிகள் நின்றுபோயின. அறுவை சிகிச்சை செய்துகொண்டால் குரலே மாறிவிடலாம் என்று மெர்குரி அஞ்சினார், செய்துகொள்ளவில்லை. அதன்பின் பத்தாண்டுக்கு மேல், அதே தொண்டையோடு, இரண்டு மணி நேரக் கச்சேரிகளை ஊர் ஊராகப் பாடினார். உச்சத்தை இறக்கியதை ஏய்ப்பு என்று சொல்வோர் மறுநாள் கச்சேரியைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த ஊரில் டிக்கெட் வாங்கியவருக்கும் குரல் மிச்சம் இருக்க வேண்டும்.

கேள்வி: மெர்குரிக்கு எட்டாத ஸ்வரத்தை டிரம் வாசிப்பவர் பிடிக்கிறார். இது ஆள்மாறாட்டம் ஆகாதா?

பதில்: ஆகாது. டிரம் வாசிக்கும் ரோஜர் டெய்லர் குழுவின் பாடகர்களிலும் ஒருவர்; இசைத்தட்டுகளிலும் மிக உயர்ந்த குரல் பல இடங்களில் அவருடையதே.

கேள்வி: 'பொஹீமியன் ராப்சடி'யின் நடுவில் நால்வரும் மேடையை விட்டுப் போய்விட, ஒலிநாடா பாடுகிறது. காசு கொடுத்து வந்தவர் ஏமாந்தாரா?

பதில்: 1975இல் பதிவான அந்த ஆபெரா பகுதி மூன்றே பேர் பாடியது. மெர்குரி, கிதார் வாசிக்கும் பிரையன் மே, டெய்லர் மூவரும் 24 தட நாடாவில் தங்கள் குரல்களை அடுக்கடுக்காகப் பதித்து ஒரு பெருங்கூட்டத்தின் ஓசையை உண்டாக்கினார்கள். மூன்று வாய்களால் அதை மேடையில் பாட முடியாது. தொடக்கக் கச்சேரிகளில் பாட்டைத் துண்டாக்கி மற்றப் பாட்டுகளோடு கோத்து, அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். பிறகு நாடாவை ஓடவிட்டு, தாங்கள் வெளியேறி, ராக் பகுதிக்குத் திரும்பி வந்து வாசித்தார்கள். வாயசைத்து நடிக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். இது நாடா என்பது அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

குறை சொல்ல இடமுள்ள நாள் வேறு. 1988 அக்டோபர் 8 அன்று பார்சிலோனாவில், ஆபெரா பாடகி மொன்செராட் கபாயேவோடு தோன்றியபோது இருவரும் பதிவுக்கு வாயசைத்தார்கள். மெர்குரியின் உடல்நிலை அப்போது தளர்ந்திருந்தது உண்மை. ஆனாலும் பாடாத பாட்டைப் பாட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது. ரசிகர்கள் அந்த நாளைத் தனியே வைப்பது நியாயம்.

கேள்வி: லைவ் எய்டா, மாண்ட்ரியாலா, 1986 வெம்பிளியா? குரலுக்குப் பரிசு எதற்கு?

பதில்: நாட்காட்டியைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். மாண்ட்ரியால் கச்சேரிகள் 1981 நவம்பர் 24, 25 தேதிகளில் நடந்தன. அக்டோபரில் மெக்சிகோ கச்சேரிகள் முடிந்தபின் ஒரு மாதத்துக்கு மேல் குழு மேடை ஏறவில்லை; தொண்டை ஆறியிருந்தது. லைவ் எய்டு என்ற நிதிதிரட்டுக் கச்சேரி 1985 ஜூலை 13இல், லண்டன் வெம்பிளி அரங்கில் சுமார் 72,000 பேர் முன்னால் நடந்தது. அதற்கு முன் மே மாத ஜப்பான் கச்சேரிகளுக்குப் பிறகு இரண்டு மாத ஓய்வு. பாடியதும் இருபது நிமிடச் சொச்சம்தான். நாளைக்கு என்று எதையும் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. 1986 வெம்பிளியின் நிலைமை நேர்மாறானது. ஜூன் 7இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய பயணத்தின் நடுவில், ஜூலை 9 அன்று நியூகாசில், 11, 12 தேதிகளில் வெம்பிளி என நான்கு நாளில் மூன்று முழுக் கச்சேரிகள். உலகம் அதிகம் பார்த்த வெம்பிளி ஒளிப்பதிவு அந்த மூன்றாவது கச்சேரியுடையது. அதில் குரல் கரகரத்து, தடித்து ஒலிப்பதை வைத்து அவர் திறமை தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பெழுதுவது அவசரத் தீர்ப்பு.

சங்கீதமாக மட்டும் பார்த்தால் பரிசு மாண்ட்ரியாலுக்கே. குரலில் வலுவும் இருக்கிறது, நெகிழ்வும் இருக்கிறது. கச்சேரி முழுவதும் அது தளரவில்லை. கூட்டத்தைக் கையில் பிடித்ததற்கான பரிசு லைவ் எய்டுக்கு. அங்கே பாட்டுகளுக்கு நடுவே அவர் சொற்களே இல்லாமல் குரலை இழுத்துவிட, அரங்கம் முழுவதும் அதைத் திருப்பிப் பாடியது. எந்த இசைத்தட்டிலும் இல்லாத இசை அது. இறக்கிப் பாடிய உச்சங்களை எண்ணுவோர் இதையும் எண்ண வேண்டும். மேடையில் அவர் மெட்டைக் குறைத்தது மட்டுமில்லை, கூட்டவும் செய்தார். இசைத்தட்டை மட்டும் அளவுகோலாகப் பிடிப்பதால் அந்தக் கூடுதல் கண்ணில் படாமலே போகிறது.

கேள்வி: அவர் குரல் நான்கு ஸ்தாயி போகும் என்று சத்தியம் செய்கிறார்களே?

பதில்: கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் தலைமையிலான ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு அந்தச் சத்தியத்துக்குச் சான்று காணவில்லை. கண்டது அதைவிடச் சுவையானது. பேட்டிகளில் அவர் பேசும் குரலின் சுருதி சுமார் 117 ஹெர்ட்ஸ். அது பாரிடோன் குரலுக்கு உரியது. பாடியதோ டெனராக. இழுத்துப் பிடிக்கும் ஸ்வரத்தில் அவர் குரல் நொடிக்குச் சுமார் ஏழு தடவை அசைந்தது. பயிற்சி பெற்ற பாடகர்களின் வழக்கத்தைவிட இது வேகம், ஒழுங்கும் குறைவு. கரகரப்பான இடங்களில் உண்மையான குரல்நாண்களுக்கு மேலே உள்ள போலி நாண்களும் சேர்ந்து அதிர்ந்திருக்கலாம் என்று ஆய்வு கருதுகிறது. இயல்பில் தாழ்ந்த குரலை நாள்தோறும் மேலே ஏற்றிப் பாடியவருக்கு உச்சங்கள் எவ்வளவு சுமை என்பதும் இதில் விளங்கும்.

கேள்வி: முன்பற்கள்தான் குரலின் ரகசியமா?

பதில்: வாயில் நான்கு பற்கள் கூடுதலாக இருந்ததால் முன்பற்கள் துருத்தின; கூடுதல் பற்களை எடுத்தால் குரல் கெடும் என்று நம்பி விட்டுவைத்தார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

கேள்வி: வழக்கைத் தாமே விசாரிக்க விரும்புவோர் எந்த நேரடிப் பதிவைக் கேட்கலாம்?

பதில்: 1986இன் 'லைவ் மேஜிக்' தவிர்க்க வேண்டியது, பாட்டுகளைக் கத்தரித்து, ஆபெரா பகுதியையும் வெட்டிவிட்டார்கள். 1979இன் 'லைவ் கில்லர்ஸ்' ஐரோப்பியக் கச்சேரிகள் பலவற்றிலிருந்து தொகுத்தது. ஆகவே ஒரே இரவின் குரலுக்கு அது சாட்சி ஆகாது. மாண்ட்ரியால் பதிவு அடுத்தடுத்த இரண்டு இரவுகளிலிருந்து மட்டும் தொகுத்தது; அதுவும், ஜூலை 12 வெம்பிளிப் பதிவும் முழுக் கச்சேரியாகக் கிடைக்கின்றன. முதலில் மாண்ட்ரியால், பிறகு வெம்பிளி என்ற வரிசையில், ஒரே பாட்டை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது.