மூச்சு விடக் கூடாது

சென்னை ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்கிறவர்களுக்குக் கோபத்தை அடக்கப் பயிற்சி தருகிறார்கள். அது சரியாக அப்ரைசல் மாதத்தில் நடக்கும். கோட் போட்ட ஒருவர் வருவார். மூச்சை இழுங்கள் என்பார். விடுங்கள் என்பார். ஊதிய உயர்வைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். அவருக்கும் அவர் நிற்கும் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஹாலுக்கும் கொடுக்கப் பணம் இருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடித்து வீடு போகிற பெண்ணுக்கு கேப் கேட்டால் பட்ஜெட் இல்லை.

ஹாலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாரும் திட்டு வாங்குகிறவர்கள். திட்டுகிற மேனேஜர் வரவில்லை. அவருக்கு கிளையன்ட் கால். அங்கே போய் அவர் பொறுமையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காக்காரர் எவ்வளவு கத்தினாலும் "ஷ்யூர், ஷ்யூர்". ஆக, அவருக்கு உணர்ச்சியை அடக்கத் தெரியாமல் இல்லை. யாரிடம் அடக்க வேண்டும், யாரிடம் அவிழ்த்துவிடலாம் என்பது துல்லியமாகத் தெரியும்.

இந்த வியாபாரத்தின் மூலவர் அமெரிக்க உளவியலாளர் டேனியல் கோல்மேன். 1995-இல் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்று புத்தகம் போட்டார். 1998-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் கட்டுரையும் எழுதினார். கட்டுரையின் கேள்வி, நல்ல தலைவரை உருவாக்குவது எது என்பது. தலைவர்கள் படித்தார்கள். பிரமாதம் என்றார்கள். கீழே இருப்பவனுக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டார்கள்.

துணிக்கடைகளில் கோட் போட்டவரெல்லாம் வருவதில்லை. அங்கே பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவை பிரித்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தாலும் திட்டு. அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்த வேண்டியிருந்தது. ஒரு ஸ்டூல் போட! சட்டசபை கூடித்தான் முதலாளிக்கு ஊழியரின் கால்வலியைப் புரியவைக்க வேண்டும்.

மனசு உள்ள முதலாளிகளும் உண்டு. அதே 2021 டிசம்பரில் பெட்டர் டாட் காம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தலைவர், ஒரே ஜூம் அழைப்பில் சுமார் 900 பேரை வேலையைவிட்டு அனுப்பினார். போன தடவை இப்படிச் செய்தபோது அழுதாராம். இந்தத் தடவை திடமாக இருக்கப் பார்ப்பதாக அவர்களிடமே சொன்னார். வேலை போனது அவர்களுக்கு, ஆறுதல் தேவை இவருக்கு.

சரி, இங்கே பயிற்சி முடிந்தது. சனிக்கிழமை டீம் அவுட்டிங். மகாபலிபுரம் பக்கம் ரிசார்ட். கயிறு இழுக்கும் போட்டி உண்டு. விருப்பமுள்ளவர்கள் வரலாம். வராதவர்கள் காரணத்தை எழுதித் தர வேண்டும்.

கடைசியாக ஒரு ஃபீட்பேக் படிவம். மனம் திறந்து எழுதுங்கள், பெயர் போட வேண்டாம் என்கிறது ஹெச்.ஆர். எம்ப்ளாயீ நம்பர் மட்டும் போதும்.