பென்சில் அவன் கையில், பேனா உன் கையில்

ஏ பேராண்டி, இங்கே வா. அந்த செல்போனைத் திண்ணையில வெச்சிட்டு உக்காரு. உத்தியோக ஆர்டர்ல மை காயல, அதுக்குள்ள ரெண்டு கம்பெனிக்காரன் வாசல்ல காரை நிறுத்தி, உனக்குச் சால்வை போத்தி, பழக்கூடை வெச்சிட்டுப் போயிட்டான். நீ எந்த ஃபாக்டரியைச் சோதிக்கப் போறியோ, அதே ஃபாக்டரிக்காரன். பாசக்காரப் பய! பரீட்சைக்கு நீ முட்டிக்கிட்டுக் கிடந்த காலத்துல இந்தத் தெரு எந்தப் பக்கம்னு அவனுக்குத் தெரியல, பாவம். ரெண்டு ஆரஞ்சை உரிச்சு நான் தின்னுட்டேன். எனக்கென்ன, நான் ஆய்வாளரா? நீ தொடாதே.

நீ ராத்திரியெல்லாம் கத்திக் கத்திப் படிச்சது எனக்கு மனப்பாடம். உனக்கு மறந்திருக்கும், பாஸ் பண்ணினவன் மறக்கத்தானே செய்வான்? அமெரிக்காக்காரன் கடல்ல எண்ணெய் எடுத்த கதை ஒண்ணு படிச்சியே, உன் உத்தியோகத்துக்கு வேண்டிய பாடம் பூராவும் அதுல இருக்கு. பிழைக்கத் தெரிஞ்ச அதிகாரி எப்படி நடந்துக்கணும்னு வரிசையாச் சொல்லுதேன், கேட்டுக்கோ.

முதல் பாடம், வசூல் பண்ணுதவனும் சோதனை போடுதவனும் ஒரே ஆளா இருக்கணும். 1982-ல அங்கே ‘மினரல்ஸ் மேனேஜ்மென்ட் சர்வீஸ்’னு ஒரு ஆபீஸைத் திறந்தாக. கடலைக் குத்தகைக்கு விடுதது அந்த ஆபீஸ். எடுத்த எண்ணெய்க்கு ராயல்டி வாங்குதது அந்த ஆபீஸ். கிணறு பத்திரமா இருக்கான்னு பாக்கதும் அதே ஆபீஸ். வருஷத்துக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல கஜானாவுக்கு வந்துச்சு. ஒரு கிணத்தை ஒரு நாள் நிறுத்தினா வசூலும் ஒரு நாள் நின்னு போகும். எவன் நிறுத்துவான்? தாயும் பிள்ளையுமா இருந்தாலும் வாயும் வயிறும் வேறன்னு நம்ம ஊர்ல சொல்லுவாக. அங்கே வாயும் ஒண்ணு, வயிறும் ஒண்ணு. மெக்சிகோ வளைகுடாவுல ஏறக்குறைய மூவாயிரம் எண்ணெய் மேடை. சோதிக்க அம்பத்தஞ்சு ஆள். மேடையை எண்ணி முடிக்கதுக்குள்ளேயே அவன் ரிட்டயர் ஆயிருவான்.

ரெண்டாம் பாடம், லஞ்சம் வாங்காதே. சிரிக்காதடே, நிஜமாத்தான் சொல்லுதேன். லஞ்சம் வாங்கினவன் வாங்கின காசு அளவுக்குத்தான் கண்ணை மூடுவான். சோறு தின்னவன் நன்றியோட மூடுவான். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சொன்னதை நம்மளை விட அந்த அமெரிக்காக்காரன் சரியாப் பிடிச்சுக்கிட்டான். டென்வர் பக்கத்துல லேக்வுட்னு ஒரு ஊரு. அங்கே அதே ஆபீஸோட, அரசாங்கப் பங்கு எண்ணெயை விக்கிற பிரிவுல மூணுல ஒருத்தர் கம்பெனிகள்கிட்ட பரிசும் விருந்தும் வாங்கினதா 2008-ல விசாரணை அறிக்கை வந்துச்சு. அதுல ரெண்டு பேர் மட்டும் சேர்ந்து குறைஞ்சது 135 தடவை. ஏன்யா இப்படின்னு கேட்டா, சந்தை நிலவரம் தெரியணும்னா கம்பெனிக்காரனோட பழகித்தானே ஆகணும்னு பதில். சந்தை நிலவரம் ராத்திரிப் பார்ட்டியில, கிளாசோட அடியிலதான் கிடைக்கும் போல.

மூணாம் பாடம், பேனாவை மட்டும் கொண்டுபோ. லூசியானாவுல லேக் சார்ல்ஸ்னு இன்னொரு ஊரு. அங்கே இருந்த கிளை ஆபீஸைப் பத்தி 2010 மே மாசம் ஒரு அறிக்கை வந்துச்சு. அதுல ஒருத்தர் சொன்னது: சோதனைப் படிவத்தைக் கம்பெனி ஆளே பென்சில்ல நிரப்பி வெச்சிருவான், ஆய்வாளர் போய் அதுமேலயே பேனாவால எழுதுவார். எவ்வளவு சுத்தமான வேலை பாரு! எழுத்துப் பிழை வராது, வெயில்ல அலைய வேண்டாம், கம்பெனியோட கையெழுத்தும் உனக்குப் பழகிரும். விசாரிச்சவங்க நூத்துக்கணக்கான கோப்பைப் புரட்டினாக. கொஞ்சத்துல பென்சிலும் மையும் தட்டுப்பட்டுச்சு, ஆனா மோசடின்னு அடிச்சுச் சொல்ல முடியலேன்னு எழுதிட்டாக. எப்படி முடியும்? மையை நல்லா அழுத்தி எழுதினா அடியில இருக்கது எவன் கண்ணுக்குத் தெரியும்?

அதே அறிக்கையில இன்னொரு ஆய்வாளர். ஒரு கம்பெனியோட மேடைகளை நாலு தடவை சோதிச்சாரு. ஒரு குத்தம் கிடையாது. அதே சமயத்துல அதே கம்பெனியில வேலை கேட்டுப் பேசிக்கிட்டும் இருந்தாரு. வேலை கிடைச்சிருச்சு! மாமனார் வீட்டுல போய்ச் சாம்பார்ல உப்பு இல்லேன்னு எந்த மாப்பிள்ளைடே சொல்லுவான், அதுவும் நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல?

நாலாம் பாடம், எதையும் படிக்காதே. எண்ணெய் கொட்டினா என்ன செய்வோம்னு பிபிங்கிற எண்ணெய்க் கம்பெனி ஒரு திட்டம் எழுதிக் கொடுத்துச்சு. மெக்சிகோ வளைகுடாவுக்கு எழுதின திட்டம் அது. அதுல காப்பாத்த வேண்டிய பிராணிகள் வரிசையில வால்ரஸ் இருந்துச்சு. வால்ரஸ்னா பனிக்கடல்ல தந்தத்தை நீட்டிக்கிட்டுக் கிடக்குமே, அது. அந்த வெந்நீர்க் கடலுக்கு அது எந்தப் பஸ்ஸைப் பிடிச்சு வந்துச்சோ! அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நிபுணர்னு ஒருத்தர் பேரும் இருந்துச்சு. அவர் 2005-லயே செத்துப் போயிட்டாரு. திட்டத்துல தேதி 2009. ஆபீஸ்ல பாத்தாக, சரின்னாக, ஒப்புதல் கொடுத்தாக.

2010 ஏப்ரல் 20-ந் தேதி ராத்திரி, அதே வளைகுடாவுல, அதே பிபியோட கிணத்துல, டீப்வாட்டர் ஹொரைசன்ங்கிற மேடை வெடிச்சுது. பதினோரு பேர் செத்தாக. ஒருத்தர் உடம்புகூடக் கிடைக்கல. கடலடியில 87 நாள் எண்ணெய் பீறிட்டுச்சு. இதுக்கு மட்டும் என்கிட்ட நக்கல் கிடையாது.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததுக்கு இருக்கு. அஞ்சாம் பாடம், வெடிச்சதும் போர்டை மாத்து. ரெண்டு மாசத்துல ஆபீஸ் பேரை மாத்தினாக. அடுத்த வருஷம் அதையும் மாத்தினாக. நியாயத்தையும் சொல்லணும்ல: வசூலைத் தனியாப் பிரிச்சாக, குத்தகையைத் தனியா, சோதனையைத் தனியா வெச்சாக. ஆய்வாளர் தன்னோட பழைய முதலாளி மேடைக்கு ரெண்டு வருஷம் போகக்கூடாதுன்னும் விதி போட்டாக. வாயும் வயிறும் வேறன்னு எழுதி வைக்க, பதினோரு உசுரு ஆச்சு.

சரி, அந்த நாடு திருந்திருச்சான்னு கேப்பே. கடல்ல ஆச்சு, வானத்துல பென்சிலும் பேனாவும் ஒரே கைக்குப் போயிருச்சு. போயிங் கம்பெனி செய்யுத விமானத்துல பல பாகத்தை அரசாங்கத்துக்குப் பதிலா போயிங்ல சம்பளம் வாங்குதவங்களே சரிபாத்துச் சான்று கொடுக்கலாம்னு ஏற்பாடு. 737 மேக்ஸ் மூக்கைத் தானாக் கீழே அழுத்துத மென்பொருளைப் பத்தி விமானி கையேட்டுல இருக்க வேண்டாம்னு கம்பெனி கேட்டுச்சு, அதிகாரிங்க தலையாட்டினாக. 2018 அக்டோபர்ல இந்தோனேசியாவுல ஒண்ணு, 2019 மார்ச்ல எத்தியோப்பியாவுல ஒண்ணு விழுந்துச்சு, செத்தது மொத்தம் 346 பேர்.

வேலியே பயிரை மேஞ்சதுன்னு ஊரே சொல்லும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வேலி பயிரை மேயல டே. வேலி கட்டக் கூலி கொடுத்தவன் ஆட்டுக்காரன், அவ்வளவுதான்.

அதனால, நல்லவனா இருன்னு உனக்கு நான் புத்தி சொல்லப் போறதில்ல. அங்கே மாட்டினவங்கள்ல முக்காவாசிப் பேர் நல்லவங்கதான். லேக் சார்ல்ஸ் ஆபீஸ் தலைவரே விசாரணையில சொன்னாரு: நாங்க எல்லாரும் எண்ணெய்த் தொழில்ல இருந்து வந்தவங்க, ஒரே ஊர்ல வளர்ந்தவங்க, சின்ன வயசுச் சிநேகிதங்கன்னு. பொய்யா? இல்ல. சிநேகிதன் ஃபுட்பால் மேட்சுக்குக் கூப்பிடுதான், வேட்டைக்குக் கூப்பிடுதான், வர மாட்டேன்னு எப்படிச் சொல்லுதது? முகத்தை முறிக்கத் தெரியல. அம்புட்டுதான் அவங்க செஞ்ச குத்தம். நீயும் அந்த சாதிதான். உங்க ஆச்சி மூணாவது தோசை போட்டா வேண்டாம்னு சொல்லத் தெரியாத பய.

முகம் முறிக்கப் பழகிக்கோ. கெட்ட பேரு வாங்கப் பழகிக்கோ. படிவத்தை வெத்தாக் கொடுக்கச் சொல்லி, மேடையோ கொதிகலனோ, கிட்டப் போய்த் தொட்டுப் பாத்து நீயே எழுது. “புதுசா வந்த ஆளு சரியில்லய்யா, ஒரு டீ கூடக் குடிக்க மாட்டேங்கான், மூஞ்சியைப் பாத்தாலே வயித்தைக் கலக்குது”ன்னு எந்தக் கம்பெனிக்காரனாவது உன்னைத் திட்டினா, அன்னைக்கே எனக்குப் போன் போடு. நான் டீக்கடைக்குப் போய் அத்தனை பேருக்கும் என் செலவுல டீயும் வடையும் வாங்கித் தாரேன். என் பேரன் கெட்டுப் போயிட்டான்னு ஊருக்கே சொல்லணும்ல!