பெட்டிப் பொடியியல்: சங்கராபுரத்திலிருந்து ஜெர்மனி செல்லும் 23 கிலோ குறித்து ஒரு முன்னாய்வு

சங்கராபுரத்தில் பிறந்து, அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்கு ஜெர்மனி போகும் மாணவர் தம் பெட்டியில் என்ன கொண்டுபோகிறார் என்பதே இவ்வாய்வின் எல்லை. 2023-24 குளிர்காலப் பருவத்தில் அந்நாட்டு உயர்கல்வி நிறுவனங்களில் 49,000-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவரின் பெட்டியைக்கூடத் திறந்து பாராமலே புலம்பெயர் கல்வி பற்றித் தடித்தடியாக எழுதியோர் உளர். அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்பும். அப்படியோர் இடைவெளி இருந்ததா என்று கேட்பது ஆய்வு மரபன்று.

முதற்கண், சங்கராபுரத்தார் யார்? தாத்தா பிறந்தது தென்னார்க்காடு மாவட்டத்தில். 1993-இல் மாவட்டத்தைப் பிரித்த பின் பிறந்த மாணவர் விழுப்புரம் மாவட்டத்தார். 2019 நவம்பர் 26-க்குப் பிறகு பிறந்த அக்காள் மகள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தாள். மூவருக்கும் தெரு ஒன்றே, திண்ணையும் ஒன்றே. ஒரு குடும்பம் எழுந்து நடக்காமலே மூன்று மாவட்டங்களில் பரவும் இந்நிகழ்வை ‘அசைவிலாப் புலம்பெயர்வு’ என அழைக்கப் பரிந்துரைக்கிறோம். கல்வராயன் மலைமேலிருந்து வருபவர் நிலை இன்னும் ஆழமானது. அங்கே 1976 வரை ஜாகிர்தார்கள் ஆண்டதால், தாத்தாவின் மாவட்டத்தைக் கேட்குமுன் ஜாகிரைக் கேட்க வேண்டும். அதை அடுத்த ஆய்வாளருக்கு விடுகிறோம்; அவருக்கும் வேலை வேண்டுமே.

இனி, பெட்டியின் உள்ளடக்கம்.

உடை: உண்டு.

நூல்: சான்று கிடைக்கவில்லை.

குக்கர்: உண்டு, அதன் விசில் மட்டும் சங்கராபுரத்துச் சமையல் மேடையிலேயே.

ஜவ்வரிசி வடாம்: இடத்தை அடைக்கும், எடை காட்டாது. எடை பார்த்தே காசு வாங்கும் விமானத் துறையை மரவள்ளி விளையும் ஒரு மாவட்டம் வென்ற இடம் இது.

பொடி: இங்கேதான் ஆய்வு தொடங்குகிறது.

பொடிகளைப் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ரசப் பொடி, குழம்பு மிளகாய்த்தூள், கறிவேப்பிலைப் பொடி என ஐந்தாகப் பகுப்பர். குக்கருக்குள் காலியிடம் விடுவது பாவம் என்பதால் ஐந்தும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும் (அத்தை, வாய்மொழி). பூண்டு போட்ட பொடி, போடாத பொடி என்ற உட்பிரிவும் உண்டு (அத்தை, மேற்படி, செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னது). பூண்டு இல்லாதது பொடியே அன்று (அத்தை, வாட்ஸாப் குரல்பதிவு, மிக்ஸி ஓடுவதால் நடுப்பகுதி சிதைந்துள்ளது). அம்மா அரைக்கும் பொடியில் பெருங்காயம் தூக்கல் (அத்தை, திருத்திய கூற்று, அம்மா கொல்லைப்புறம் போயிருந்தபோது, ஒப்பிடுக: அம்மா, மறுப்புரை, அத்தை பஸ் ஏறிய பின், முன்னுரை மட்டும் அரைமணி நேரம்).

வாய்மொழியை ஆதாரமாக ஏற்கலாமா என்று அறிஞர்கள் முகம் சுளிப்பர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து, அவரிடமிருந்து முதலாமவரே திரும்ப எடுத்தால்தான் அவர்களுக்கு அது உண்மை. அத்தையும் அந்நிலையை எட்டிவிட்டார். பூண்டுக் கொள்கையைப் பெரியம்மா சொன்னதாக அத்தையும், அத்தை சொன்னதாகப் பெரியம்மாவும் கூறுகின்றனர்.

கறிவேப்பிலை ஏன் பொடியாகவே போகிறது? 2019 டிசம்பர் 14 முதல் வெளிநாட்டுப் பயணி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பச்சை இலையைக் கொண்டுபோகத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பால் பொருளுக்கு வழியே இல்லை. நெய் சங்கராபுரத்திலேயே நின்றுவிடும். ஆனால் ஐந்து பழங்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை: அன்னாசி, துரியன், பேரீச்சை, வாழை, தேங்காய். கடைசி இரண்டைக் கவனிக்க. தேங்காயும் வாழைப்பழமும் தடையின்றி நுழையும் ஒரு சட்டம், அர்ச்சனைத் தட்டை மனத்தில் வைத்தே இயற்றப்பட்டிருக்க வேண்டும். வெற்றிலை விடுபட்டது ஏடு பெயர்த்து எழுதியவரின் பிழை. துரியன் இடைச்செருகல். இதைக்கொண்டு பிரஸ்ஸல்ஸ் ஆதியில் தமிழூரே என நிறுவலாம். அப்பணிக்கு நம்மிடையே ஆள் பஞ்சமில்லை என்பதால் நாம் ஒதுங்கிக்கொள்கிறோம்.

நிரம்பிய பெட்டிக்கு எடை பார்ப்பது நெல் மண்டித் தராசில். மண்டித் தராசு வாங்குவோருக்கு ஒரு கணக்கும் விற்போருக்கு ஒரு கணக்கும் காட்டும் என்று உழவர் வழக்கு. விமான நிலையத் தராசுக்கு இந்த நாகரிகம் கிடையாது. 23 கிலோவைத் தாண்டியதும் பெட்டி தரையில் திறக்கப்படுகிறது. வெளியே வருவது அம்மா அரைத்த பொடியா, அத்தை அரைத்ததா என்பது வழியனுப்ப யார் வந்தார் என்பதைப் பொறுத்தது.

கள ஆய்வு: ஜெர்மனி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும், அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கி நாலரை மணி நேரமும் பின்தங்கும். குளிர்காலத்தில் சீரியல் முடிந்து இரவு ஒன்பதரைக்கு அம்மா “சாப்டியாப்பா?” என்று கேட்கையில் அங்கே மாலை ஐந்து. மதியச் சாப்பாடு செரித்துவிட்டது, இரவுச் சாப்பாட்டுக்கு அரிசியே களையவில்லை. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பொய். எனவே மாணவர், “பொடி சாதம்மா” என்று காலம் காட்டாத ஒரு விடையைத் தருகிறார்.

“யாரு பொடி? என்னுதா, உங்க அத்தையுதா?”

இந்த இடத்தில் ஆய்வுக்குட்பட்ட மாணவர் அனைவருக்கும் சிக்னல் போய்விடுகிறது.