கம்பி எண்ணுகிறவர்

குறிஞ்சிப்பாடிக் கடைத்தெருவில் அண்ணாந்தபடி சைக்கிள் மிதித்து வருகிறாரே, அவர்தான். மாடு குறுக்கே வந்தால் மாடுதான் பார்த்துப் போக வேண்டும். ஒவ்வொரு கூரையையும் கடக்கும்போது உதடு அசையும். "இன்னா தம்பி, உங்க மாமா வீட்ல ஆறு கம்பிதானா?" கேட்கிற தொனி துக்கம் விசாரிப்பதுபோல இருக்கும்.

எண்பதுகளில் ஊரே ஆளை முந்திரித் தோப்பை வைத்து எடை போட்டது. இவர் ஆன்டெனாவை வைத்துப் போட்டார். நெய்வேலி மைன்சில் காலை ஷிப்ட் முடிந்தால் பொழுது சாயும்வரை கூரைக் கணக்குதான். ஜெயிலுக்குப் போகாமலே கம்பி எண்ணிய மனுஷன்.

டிவி வாங்கியவன் இவரைக் கேட்காமல் ஆன்டெனா வாங்கினால் கோபித்துக்கொள்வார். கேட்டால் வாங்கவே முடியாது. "மொதல்ல சொல்லு, உனக்கு இன்னா வேணும்? டில்லியா, மெட்ராஸா, ரூபவாகினியா?" பக்கத்து நெய்வேலி ஒளிபரப்புக்கு நாலு கம்பி தாராளம். ஆனால் அதில் வந்தது பெரும்பாலும் டில்லி இந்தி. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வேண்டுமானால் 180 கிலோமீட்டர் தள்ளியிருந்த மெட்ராஸைப் பிடிக்க வேண்டும். அந்த அலைக்குக் கம்பி ஒவ்வொன்றும் ஏழடிக்கு மேல். 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாகினி பிதுருதலாகலை மலையுச்சியிலிருந்து வந்தது. அதற்கு மூன்றடிக்கும் குறைவான கம்பி போதும், ஆனால் நிறைய வேண்டும். ஆக இரண்டு ஆன்டெனா, ஒரே குழாய், நடுவில் பூஸ்டர். எரிச்சல் என்னவென்றால், கணக்கு சரி. அலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதிதான் கம்பி.

பின்னால் நிற்பது ரிஃப்ளெக்டர், ஒயர் மாட்டுவது டைபோல், முன்னால் வரிசையாக நிற்பதெல்லாம் டைரக்டர். டைரக்டர் கூடினால் தூரம் எட்டும் என்பார். கூடக்கூடப் பார்வை குறுகும், குழாய் லேசாகத் திரும்பினாலே படம் போய்விடும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். 1926-ல் இந்த ஆன்டெனாவை உலகுக்குச் சொன்ன ஜப்பான்காரர் யாகியைச் சம்பந்தி கணக்காகப் பேசுவார். "யாகி சும்மாவா சொன்னாரு?" கூட இருந்து வேலையெல்லாம் செய்த உடாவை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை.

கடலூர் கடைக்கு அவரோடு போவது தனி வேதனை. ஆன்டெனாவைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, மறுகண்ணால் நடுச்சட்டத்தின் நுனிவரை பார்ப்பார். கம்பியை நகத்தால் சுண்டிக் காது கொடுப்பார். "பதினொண்ணு இல்லியா?" கடைக்காரர் பரணில் ஏறி, தூசி தட்டி, பதினொரு கம்பியை இறக்கி வைப்பார். "இது ஒத்துவராது. கனம். காத்துக்கு நிக்காது." வெறுங்கையோடு பஸ் ஏறுவோம். டிக்கெட் நான் எடுப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் கடல்மேல் வெப்பக்காற்று மூடியாகப் படிந்து, அலைகள் வளைந்து வெகுதூரம் வரும் ராத்திரிகளில், அவர் வீட்டு டிவியில் ரூபவாகினி பளிச்சென்று விழும். அன்றைக்குத் தெருவையே கூப்பிடுவார். கைலியோடு திண்ணையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாத சிங்களச் செய்தியை நாங்கள் கடைசிவரை பார்ப்போம். வந்தவர்களுக்கெல்லாம் டீ. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் திட்ட மனசு வராது.

மறுநாள் வரும். 1987-ல், ஞாயிற்றுக்கிழமை 'ராமாயணம்' தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கையில், எங்கள் ஆன்டெனாவை இறக்கிக் கீழே போட்டுக்கொண்டு, "இன்னும் ஒரு கம்பி கூட்டிப் பாக்கலாம்" என்றவரை என் பாட்டி சாகும்வரை மன்னிக்கவில்லை.

2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் வீட்டுக் குழாய் வளைந்தது. 2022-க்குள் தூர்தர்ஷனே தரைவழி ஒளிபரப்பை ஏறக்குறைய மூடிவிட்டது. பிடுங்கிவிடலாம் என்றால், "இருக்கட்டும் தம்பி, திரும்ப வரும்" என்கிறார். வரட்டும். குழாய் நட ஏறியபோது அவர் மிதித்து உடைத்த ஓடுகளுக்கு இன்றுவரை காசு வரவில்லை. மாற்று ஓடும் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஐப்பசி மழையில் நடுக்கூடத்தில் அண்டா வைப்பது என் அம்மா, அவரில்லை.