மஞ்சக் கடுதாசியும் மாமியார் அண்டாவும்

வாலே மருமவனே, உக்காரு. ஊர் முறைக்கு மாப்பிள்ளையை 'வாங்க'ன்னுதான் கூப்பிடணும். ஆனா என் மகளுக்குப் புருசனாகுறதுக்கு முந்தியே அக்கா மகனா என் தோள்ல மோண்டவன் நீ. அதனால 'வாலே'யே இருக்கட்டும். மோரைக் குடி.

திவால்னு மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறியாமே? நீ டீக்கடையில சொல்லி வாய் மூடல, இங்க என் எருமைக்குக்கூடத் தெரிஞ்சு போச்சு. நல்ல காரியம். முப்பத்தோரு வருசம் முன்சீப் கோர்ட்டுல அமீனாவா ஜப்தி பண்ணப் போனவன் மாமனாரா வாய்ச்சிருக்கேன். ஒரு வார்த்தை கேட்டியா? குருவிக்காரன் வீட்டுலயே இருக்க, வலை எப்படி விரியும்னு குமாஸ்தாகிட்டப் போய்க் கேட்டிருக்கே.

'சமையல் பாத்திரத்தை எவனும் தொட முடியாது'ன்னு அந்தக் குமாஸ்தா சொன்னானாம். நீ பூரிச்சுப் போயிட்டியாம். அவன் சொன்னது பொய்யில்ல. 1908-ம் வருசத்து சிவில் நடைமுறைச் சட்டத்துல 60-வது பிரிவு அது. கடன்பட்டவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் அவசியமான உடுதுணி, சமைக்கிற பாத்திரம், படுக்கை, இதுகளை ஜப்தி பண்ணக் கூடாது. மஞ்சக் கடுதாசி குடுத்தாலும் இதே விலக்குதான். கோர்ட்டு நியமிக்கிற ரிசீவர் கைக்குப் போகாது. ஆனா அதுல 'அவசியமான'ன்னு ஒரு சொல் கிடக்கு பாரு, அது குமாஸ்தா வாய்க்குள்ளயே தங்கிப்போச்சு. உன் பந்தல் கடையில நாப்பது அண்டா, எம்பது தூக்குவாளி, வாடகைக்கு விடுற இருநூறு ஜமுக்காளம். வீட்டுல திங்கிறது நாலு வாயி, படுக்கிறது நாலு முதுகு. ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைக்கிற அண்டாவைக் காட்டி 'எங்க வீட்டு ரசச்சட்டி'ன்னு ஜட்ஜுகிட்டச் சொல்லுவியோ? சொல்லிப் பாரு. கோர்ட்டுல சிரிக்கக் கூடாது, ஆனா டவாலி சிரிச்சுருவான்.

மிக்சி, கிரைண்டர் எல்லாம் பாத்திரமா சாமானான்னு அந்தக் காலத்து வெள்ளைக்காரன் யோசிக்கல. அதை வக்கீல் பேசிக்கிடணும். டி.வி.க்கு மட்டும் ஆசைப்படாத. அது இல்லாம சோறு வேகும்.

தாலியைத் தொட முடியாது. சமய வழக்கப்படி பொம்பளை கழட்டக் கூடாத நகைன்னு அதுக்கு ஒரு விலக்கு இருக்கு. நான் போன ஒரு வீட்டுல ஒட்டியாணத்தையும் அந்தக் கணக்குல சேர்த்தா ஒரு கிழவி. 'எங்க வழக்கத்துல இடுப்புல கட்டுறதுதான் தாலி'ன்னு சாதிச்சா. நீ அந்தக் கவலையும் படவேண்டாம். என் மக கழுத்துல இருந்ததை நீ போன வருசமே பாங்குல அடகு வச்சுட்ட. அடகுக்கும் அடமானத்துக்கும் போன சொத்தை இந்தச் சட்டம் காப்பாத்தாது. அது பாங்குக்காரன் பிடிமானம். உன் மினி லாரியும் அப்படித்தான். நீ திவால்னு பட்டம் வாங்கினாலும் பைனான்ஸ்காரன் வண்டியை ஓட்டிக்கிட்டே போயிருவான்.

நிலம் வச்சுப் பாடுபடுறவனுக்கு உழவு மாடு, கலப்பை, விதைநெல்லு, குடியிருக்கிற வீடு வரைக்கும் விட்டு வச்சிருக்கு. தச்சனுக்கு உளி உண்டு. நாலு ஆட்டை வளத்துக்கிட்டு 'நானும் விவசாயிதான்'னு நீ கிளம்பாத. பந்தக்காலு நட்டா முளைக்காது.

இன்னொண்ணு சொல்லுதேன், சிரிக்காத. பொழுது அடைஞ்சா விடியிற வரைக்கும் அமீனா வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. கோழி கூப்பிட முந்தியே ஊருக்கு வெளிய பீடி குடிச்சுக்கிட்டு எத்தனை நாள் நின்னிருக்கேன்! உள்ள போனா எந்தச் சாமானைத் தொட்டாலும் 'அது என் சீதனம்'னு வீட்டுக்காரி குரல் வரும். பீரோ சீதனம், கட்டில் சீதனம். ஒரு வீட்டுல புருசன் சவரப்பெட்டியும் சீதனம். நெசமான சீதனம் பொண்டாட்டி சொத்துதான், புருசன் கடனுக்கு அதைத் தொட முடியாது. ஜப்தி பண்ணினாலும் க்ளெய்ம் போட்டு மீட்டுக்கிடலாம். என் வீட்டுக்காரி உங்களுக்குக் குடுத்த பித்தளை அண்டாவுல பேரு வெட்டியிருக்கு, அதனால அது தப்பும். நீ அதையும் வாடகைக்கு விட்டியே, அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாத.

சரி, கடுதாசிக்கு வருவோம். நம்ம பக்கத்துக்கு 1920-ம் வருசத்து மாகாண இன்சால்வென்சி சட்டம். சென்னைப் பட்டணத்துக்கு 1909-ல போட்ட வேற சட்டம். ஐநூறு ரூபா கடன் இருந்தாலே மனுப்போடலாம்னு நம்ம சட்டத்துல எழுதியிருக்கு. இப்ப ஐநூறு ரூபாய்க்கு ஒரு கிலோ ஆட்டுக்கறி வராது. 2016-ல டெல்லியில புதுசா ஒரு திவால் சட்டம் போட்டான். வருச வருமானம் 60,000-க்குள்ள, சொத்து 20,000-க்குள்ள, கடன் 35,000-க்குள்ள, சொந்த வீடும் இல்லைன்னா கடனைத் தள்ளிப் புது வாழ்வு குடுக்கணும்னு அதுல ஒரு ஏற்பாடு இருக்கு. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஏற்பாடு இன்னும் அமலுக்கு வரல. தனி ஆள் திவால் பாகத்துல மத்ததும் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்னவங்களுக்கு மட்டுந்தான் 2019 டிசம்பர் 1-ல அமலுக்கு வந்துச்சு. உனக்கும் எனக்கும் இன்னும் அந்த 1920 கிழவன்தான்.

அந்தக் கிழவனைச் சாமானியமா நினைக்காத. உன்னை இன்சால்வென்ட்னு கோர்ட்டு சொல்லிட்டா, விலக்கு போக மிச்சம் எல்லாம் ரிசீவர் கைக்குப் போகும். கடன் குடுத்தவன் கோர்ட்டைக் கேக்காம உன் மேல வழக்குப் போட முடியாது; அதுவரைக்கும் உனக்குக் குளிர்ச்சிதான். ஆனா கோர்ட்டு உன்னை விடுதலை பண்ணுற வரைக்கும் புதுசா வர்ற சொத்தும் ரிசீவருக்கே. அதுக்குள்ள நான் மண்டையைப் போட்டு, கிணத்தடி நிலத்தை உனக்கு எழுதி வச்சிருந்தேன்னு வையி, அழ வேண்டியது நீ, அளக்க வர்றது ரிசீவர்.

மனை விசயம் வேற இருக்கு. போன மாசம் அதை என் மக பேருக்கு மாத்தினியே. யார் குடுத்த யோசனை? சொத்தை மாத்தி ரெண்டு வருசத்துக்குள்ள மனுப்போட்டு இன்சால்வென்ட் ஆனா, அந்தப் பத்திரத்தைக் கோர்ட்டு கிழிச்சுப்போடும். நல்ல விலை குடுத்து நம்பி வாங்குனவனுக்குப் பயமில்ல. நீ அவகிட்ட வாங்குன விலை ஒரு காப்பி. மனுவுக்கு முந்தின மூணு மாசத்துக்குள்ள வேண்டப்பட்டவனுக்கு மட்டும் கடனை அடைச்சாலும் அது செல்லாமப் போகும். உன் சேக்காளிக்கு நீ கமுக்கமாக் குடுத்த அம்பதாயிரத்தைத்தான் சொல்லுதேன். மூஞ்சை ஏன் அந்தப் பக்கம் திருப்புதே?

ஜெயிலுக்குப் பயந்துதான் கடுதாசின்னா அந்தப் பயம் வேண்டாம். பணக்கடனுக்குப் பொம்பளையைப் பிடிக்க முடியாது. ஆம்பளையைப் பிடிச்சாலும் மூணு மாசம்தான், அந்தச் சோத்துக்குப் படி கட்டவேண்டியது கேஸ் போட்டவன்! கையில ஒண்ணுமில்லாத ஏழையை அதுக்காகவே உள்ள தள்ளக் கூடாதுன்னு 1980-ல சுப்ரீம் கோர்ட்டுல கிருஷ்ணய்யர் எழுதி வச்சுட்டார். மிதப்பு வேண்டாம். வச்சுக்கிட்டே இல்லைங்கிறவனுக்கு அந்தத் தீர்ப்புல இடமில்ல.

இப்ப நீ கேக்காததைச் சொல்லுதேன். விடுதலை உனக்கு மட்டுந்தான். 44-வது பிரிவுல வெவரமாவே இருக்கு: கூட்டாளி, கூட்டாக் கையெழுத்துப் போட்டவன், ஜாமீன் நின்னவன், இவங்க யாரையும் உன் விடுதலை விடுதலை பண்ணாது. கல்யாண வீட்டுல நீ சாப்பிட்டுக் கை கழுவிட்டுப் போயிருவே. மொய் எழுதுறது பக்கத்து இலைக்காரன்.

என் மகளையே எடுத்துக்கோ. உன் பந்தல் கடனுக்கு அவ கையெழுத்துப் போடல, அதனால பொண்டாட்டிங்கிறதுக்காக அவகிட்ட எவனும் கேக்க முடியாது. மகளிர் குழுக் கடன் அப்படியா? அது அவ பேருல இருக்கு. கடைக்குக் கம்பு வாங்க நீதான் எடுத்துத் தரச் சொன்ன. உன் கடுதாசி அதைத் தொடாது. அவ கட்டலைன்னா மிச்சம் ஏழு பொம்பளைகளும் நம்ம வாசல்ல வந்து உக்காருவாளுக. காலையில ஒம்பதுக்கு முந்தியும் சாயங்காலம் ஆறுக்குப் பிந்தியும் குழுக் கடன் வசூலுக்கு வரப்படாதுன்னு ரிசர்வ் பாங்கு சொல்லியிருக்கு. அது வசூல்காரனுக்கு. பக்கத்து வீட்டுக்காரிக்கு எந்த பாங்கு நேரம் குறிக்கும்? பிள்ளைகளை நினைச்சுப் பயப்படாத. அப்பன் கடனை மகன் தீக்கணும்கிற பழைய இந்துக் கடமையை 2005 செப்டம்பர் 9-க்கு அப்புறம் பட்ட கடனுக்கு எடுத்துட்டாங்க.

பாங்குல வாங்குன ஆறு லட்சம் பாக்கி இருக்கே. அந்தப் பத்திரத்துல மூணாம் பக்கத்தை வாசிச்சியா? ஜாமீன்தார் ரெண்டு பேரு. ஒண்ணு உன் மச்சினன், என் மகன், சர்க்கார் வாத்தியார். கடன் வாங்குனவன் எவ்வளவுக்குப் பொறுப்போ, ஜாமீன் நின்னவனும் அவ்வளவுக்குப் பொறுப்புன்னு 1872-லேயே ஒப்பந்தச் சட்டத்துல எழுதியாச்சு. உன்னைத் தேடி அலைஞ்சு முடிச்சுட்டுத்தான் அவன்கிட்ட வரணும்னு பாங்குக்குக் கட்டாயமில்ல. சம்பளத்துல மொத ஆயிரமும், மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கும் ஜப்திக்கு விலக்கு. விலக்கான படியெல்லாம் போக அவன் கணக்கு 61,000. ஆயிரம் போனா அறுபது. அதுல மூணுல ஒண்ணு இருபதாயிரம். கோர்ட்டு போட்ட ஒரே டிகிரிக்கு இருபத்துநாலு மாசம் பிடிக்கலாம். நாலு லட்சத்து எம்பதாயிரம். கட்டி முடிச்சுட்டு பாங்கு இடத்துல அவன் நின்னு உன்கிட்டக் கேக்கலாம். உன்கிட்டன்னா, ரிசீவர்கிட்ட. வரிசையில நின்னு ரூபாய்க்கு ரெண்டணா வாங்கிட்டு வருவான்.

ரெண்டாவது ஜாமீன்தார் யாருன்னு கேக்கலையே? நான்தான். பயப்படாத. பென்சனை ஜப்தி பண்ண முடியாது. வீட்டை 2011-லயே இளையவளுக்கு எழுதியாச்சு. உனக்குக் கையெழுத்துப் போட்டது போன வருசம். மானேசர் என் மீசையைப் பார்த்தாரே ஒழிய பட்டாவைப் பார்க்கல. முப்பத்தோரு வருசம் அடுத்தவன் வீட்டுச் சாமானை எண்ணுனவன், தன் வீட்டுச் சாமானை எண்ணாமலா பேனாவைத் தொடுவேன்?

மோரு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா? அங்க பாரு, நாலரை பஸ்ஸு வந்துட்டு. குடையோட இறங்குறது உன் மச்சினன். நான்தான் வரச் சொன்னேன். மாப்பிள்ளை ஒரு நல்ல சேதி சொல்லணுமாம்னு மட்டுந்தான் சொல்லியிருக்கேன், மிச்சத்தை நீயே சொல்லிரு. எனக்கு எருமைக்குத் தண்ணி காட்ட நேரமாச்சு.